மைக்கில் போன வீட்டு விஷயம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் முழங்கால், அக்காவின் ரத்த அழுத்தம், மாடித் தண்ணீர்த்தொட்டியின் ஒழுகல் ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், அதனால் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும் வேண்டாம். காட்டினால் அடுத்த நிமிடமே அக்கா உங்கள் தங்கைக்குப் போன் போடுவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். இந்தக் காலத்தில் போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு சின்ன வீடு. எந்த அறையில் நின்று பேசினாலும் எல்லா அறைக்கும் கேட்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைக்குத் தலைமையாசிரியை பதவி வந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், நானும் பட்டேன். ஆனால் பதவி நாங்கள் இருவரும் பாடம் நடத்துகிற இந்தப் பள்ளியில் இல்லை. பஸ்ஸில் போனால் அரை நாளைச் சாப்பிட்டுவிடுகிற தூரத்தில் ஓர் ஊர், அங்கே ஒரு பள்ளி. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இந்த மாதக் கடைசிக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் உங்களுக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டாள், முடிவு செய்யாமல் யாரிடமும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஏதோ யார் மூலமோ கேள்விப்பட்டது போல அவளைக் கூப்பிட்டு, "அவ்வளவு தூரம் எதுக்கும்மா, இருக்கிற இடத்துலயே இரு" என்று அண்ணன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொன்னதாக மூச்சு விடக் கூடாது. நீங்களே சொல்ல வேண்டியதுதானே மாப்பிள்ளை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மீதிப் பக்கங்கள் எல்லாம் அதற்குப் பதில்தான்.

பதவி ஆணை வந்த அன்று மாலை நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைபடத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பயல் ஆற்றை மலை மேல் ஏற்றிவிட்டிருந்தான். அதை எப்படி இறக்குவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அந்த ஆணையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டாள். படித்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போகாதே என்று சொன்னால், இத்தனை வருடம் படித்து, பரீட்சை எழுதி, காத்துக் கிடந்தவளை நான் கட்டிப்போட்ட மாதிரி ஆகும். போ என்று சொன்னால் போய்விடுவாள். ஆகவே ஒரு சமூக அறிவியல் ஆசிரியன் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றேன். தனிமனித சுதந்திரம், மச்சான். எட்டாம் வகுப்புக் குடிமையியலில் பாடமே இருக்கிறது. அவள் "சரி" என்றாள். தாளை மடித்து அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் தந்தி மாதிரி ஆகிவிட்டது. "டீ இருக்கு." "கேஸ் தீரப்போகுது." "மழை வரும்போல." கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இது கோபம் இல்லை. என்னவென்றும் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் விளையாட்டு வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பு ஏ பிரிவுக்கு நான் சமூக அறிவியல், பி பிரிவுக்கு அவள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, ஒரு பிளைவுட் தடுப்பு. அவள் அந்தப் பக்கம் "புரியுதா?" என்று கேட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பக்கம் "புரியுது டீச்சர்" என்பார்கள். நான் கேட்கும்போது அப்படிச் சொல்ல மாட்டார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இரண்டு பிரிவையும் ஒன்றாகச் சேர்த்துத் திருப்புதல் நடத்தச் சொன்னார். போன கோடையில் பயிற்சி வகுப்புக்குப் போன உங்கள் தங்கை, "படிச்சதையே திரும்பப் படிக்கச் சொன்னா தூங்குவாங்க சார். அணி பிரிச்சு விளையாட்டா வெச்சா தானா படிப்பாங்க" என்றாள். தலைமையாசிரியருக்கு ஒரே சந்தோஷம். என்னைப் பார்த்து "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். "டீச்சர் இஷ்டம் சார்" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

விதிகளை அவளே வகுத்தாள். இரண்டு பிரிவையும் கலந்து நான்கு அணி. கேள்வி கேட்டதும் அணியில் எல்லோரும் தலையைக் கூட்டிக் கலந்து பேச வேண்டும், பேசி முடித்ததும் தலைவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பத்து மதிப்பெண், தப்பாகச் சொன்னால் ஐந்து போகும். தெரியாவிட்டால் "பாஸ்" என்று சொல்லி அடுத்த அணிக்குத் தள்ளிவிடலாம், அதற்கு ஒன்றும் போகாது. இந்தக் கடைசி விதியில்தான் சனி உட்கார்ந்திருந்தது. அணிக்குப் பெயரைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளலாம் என்றதும் முதல் அணி எரிமலை என்றது, இரண்டாவது புயல் என்றது, மூன்றாவது பூகம்பம் என்றது. நான்காவது அணியின் தலைவி ஒரு பெண், எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று விதி என்ன என்று கேட்பதால் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். அவள் தன் அணிக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தாள். ஏன் என்றதற்கு, "அவங்க தோத்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க சார்" என்றாள். எல்லா அணிக்கும் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேள்வி தயாரிப்பதும் கேட்பதும் உங்கள் தங்கை.

பயிற்சி என்றால் நான் என்ன கொடுத்தேன், என் அனுபவத்தைக் கொடுத்தேன். "பிள்ளைகளா, நல்லா கேட்டுக்குங்க. நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் வாயைத் திறங்க. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பாஸ். பதில் சொல்லி மாட்டினவன் உண்டு, பாஸ் சொல்லி மாட்டினவன் கிடையாது" என்றேன். பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டது என் பணிக்காலத்திலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

விளையாட்டு நாள் வந்தது. பெரிய ஹாலில் தரையில் நான்கு அணியும் வட்டம் வட்டமாக உட்கார்ந்தன. நேரம் பார்க்க விசிலோடு பி.டி. மாஸ்டர். மதிப்பெண் எழுதக் கரும்பலகை பக்கத்தில் கணக்கு டீச்சர். மேடையில் மைக்கோடு உங்கள் தங்கை. ஆற்று முகத்துவாரத்தில் வண்டல் படிந்து உண்டாகும் நிலத்துக்குப் பெயர் என்ன என்று முதல் கேள்வி கேட்டாள். சுலபமான கேள்வி, ஏ பிரிவுக்கும் தெரியும், பி பிரிவுக்கும் தெரியும். எரிமலை கூடிப் பேசி "பாஸ்" என்றது. விசில். புயல் "பாஸ்" என்றது. விசில். பூகம்பமும் பாஸ். எதிர்க்கட்சியில் ரேடியோ என்று ஒரு பையன் இருக்கிறான், வாய் ஓயாதவன். அவன் பதிலைச் சொல்ல எழுந்துவிட்டான். வக்கீல் அவன் வாயைக் கையால் பொத்தி உட்கார வைத்து, "நூத்துக்கு நூறு தெரியுமா? எழுத்துல குடுப்பியா?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். அவள் எழுந்து "பாஸ் டீச்சர்" என்றாள்.

இரண்டாவது கேள்வியும் அதே கதி. நிலநடுக்கோட்டைக் கேட்டாள், அது நான்கு அணியையும் சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்தது. தொழிற்புரட்சியைக் கேட்டாள், அதுவும் வந்தது. மக்களாட்சி என்றால் என்ன என்று கேட்டாள், அது மற்றவற்றைவிட வேகமாக வந்தது. பி.டி. மாஸ்டருக்கு விசில் ஊதி ஊதி மூச்சு வாங்கியது. கணக்கு டீச்சர் வேலை இல்லாமல் நான்கு பூஜ்ஜியத்துக்கும் கண் மூக்கு வரைந்துகொண்டிருந்தார். எனக்குள் ஒரு சின்னப் பெருமை, பொய் சொல்ல மாட்டேன். ஒருவன்கூட ஒரு மதிப்பெண்கூட இழக்கவில்லை. இவ்வளவு ஒழுங்கான வகுப்பை யார் பார்த்திருக்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். மேடையில் உங்கள் தங்கை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மைக்கைப் பிடித்து, "இனிமே பாஸ் சொன்னா பத்து போகும். தப்பாச் சொன்னா ஒண்ணும் போகாது" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எழுந்து, "ஆட்டம் நடந்துட்டிருக்கும்போது விதியை மாத்துறது எந்த ஊர் நியாயம் டீச்சர்?" என்றேன். பள்ளியில் நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். வக்கீல் உடனே எழுந்தாள். "சார் சொல்றது கரெக்ட் டீச்சர். சட்டத்தைத் திருத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். நீங்கதான் டீச்சர் நடத்துனீங்க, சார் நடத்தும்போது எனக்குப் புரியல." ஹாலே அதிர்ந்தது. வாக்கெடுப்பு வேண்டும் என்று எரிமலையும் புயலும் கத்தின. சரி, வாக்கெடுப்பு என்றாள் உங்கள் தங்கை. வாக்கெடுப்புக்கு முன்னால் விவாதம் வேண்டும் என்றாள் வக்கீல்.

விவாதத்தில் நான் பொறுமை, நிதானம், அவசரப்படாமை ஆகிய குணங்களைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். நான் பேசி முடித்ததும் அவள் மேடையின் ஓரத்துக்கு வந்து, மைக்கை இடுப்புக்குத் தாழ்த்திக்கொண்டு, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னாள். அவள் அப்படி நினைத்துக்கொண்டு சொன்னாள். மைக் அணையவில்லை, மச்சான். ஹாலில் இரண்டு ஒலிபெருக்கி, வராந்தாவில் ஒன்று, மைதானத்தில் ஒன்று. "வீட்டுலதான் எதைக் கேட்டாலும் தள்ளிவிடுறீங்கன்னு பார்த்தா, பிள்ளைங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்களா? நான் அந்த ஊருக்குப் போகட்டுமா இருக்கட்டுமான்னு கேட்டதுக்கே பாஸ் சொன்ன ஆளுதானே நீங்க" என்று நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்பு நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

பி.டி. மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை ஊதினார். உங்கள் தங்கை மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் முகம் சிவந்து போனது. நான் என் செருப்பைப் பார்த்தேன். அப்போது வக்கீல் கையைத் தூக்கி, ரொம்ப மரியாதையாக, "டீச்சர், அந்தக் கேள்வி இப்ப யாருக்குப் போகும்?" என்று கேட்டாள். அந்தப் பெண் கிண்டலுக்குக் கேட்கவில்லை, அவளுக்கு விதி தெரிய வேண்டும். உங்கள் தங்கை மைக்கை நிமிர்த்தினாள். "ஓட்டுப் போடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஓட்டில் என் கட்சி படுதோல்வி. எதிர்க்கட்சி மொத்தமும் ஆளுங்கட்சியான உங்கள் தங்கைக்குக் கை தூக்கியது. திருத்தத்துக்கு எதிராக இரண்டே கைதான் தெரிந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று கணக்கு டீச்சருடையது, அவர் காதோரம் சொறிந்துகொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் உங்களிடம் மறைக்கக் கூடாது. தப்புக்குத் தண்டனை இல்லை என்றதும் பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டார்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசினார்கள். பாலைவனத்தில் பனி பெய்ய வைத்தார்கள், நீராவி இயந்திரத்தைக் கற்காலத்தில் ஓடவிட்டார்கள், நாடாளுமன்றத்தைக் கடல் மட்டத்துக்குக் கீழே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தப்புக்கும் உங்கள் தங்கை, "அப்படியா? சரி, அப்ப ஏன் அங்க மழை வரல?" என்று அவர்களையே மடக்குவாள். அவர்களே யோசித்து, அவர்களே சண்டை போட்டு, அவர்களே சரியான இடத்துக்கு வந்து சேருவார்கள். ரேடியோ வண்டல் நிலத்தைப் பற்றி ஆறு மலையில் புறப்படுவதிலிருந்து ஆரம்பித்து விடாமல் சொன்னான். அவன் அணி அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. என் வகுப்பில் வருடம் முழுக்க வாயே திறக்காத பெண் ஒருத்தி எழுந்து நின்று தப்பாகப் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் அவள் முழங்கை வரைக்கும் சுண்ணாம்புத் தூள். குரல் கம்மிவிட்டது. நெற்றியில் வேர்த்திருக்கிறது. அத்தனை பிள்ளைகளும் அவள் வாயையே பார்க்கிறார்கள். இவள் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆகாவிட்டால் வேறு யார்தான் ஆவது என்று எனக்குத் தோன்றியது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடேயே கவலையும் வந்தது. ஏனென்றால் எனக்குத் தோன்றியது அந்த ஊர்க்காரர்களுக்கும் தோன்றித்தானே ஆணை அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பள்ளியில் என்னால் தலைகாட்ட முடியவில்லை. ஆசிரியர் அறையில் டீ வேண்டுமா என்று கேட்கிற கணக்கு டீச்சர், நான் வாயைத் திறப்பதற்குள் "பாஸா சார்?" என்கிறார். வராந்தாவில் ஐந்தாம் வகுப்புப் பொடிசுகள் என்னைக் காட்டிக் காட்டி ஏதோ பேசிக்கொள்கின்றன. எங்கள் மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து போன் செய்து, "அப்பா, மைக்குல வந்துட்டீங்களாமே" என்றாள். அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. "சிரிக்காதம்மா" என்றேன். "சிரிக்கலப்பா. அம்மாகிட்ட பேசுங்கப்பா, ப்ளீஸ்" என்று வைத்துவிட்டாள்.

பேச நான் முயற்சி செய்யாமல் இல்லை, மச்சான். அவள் துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாவற்றையும் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, "நகம்வெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். என் நகமெல்லாம் வெட்டியே இருந்தது. கேட்டு வாங்கியாயிற்றே என்று திரும்ப வெட்டினேன், ரத்தம் வந்துவிட்டது.

வாயால்தானே முடியவில்லை, காரியத்தில் காட்டலாம் என்று பார்த்தேன். அது இன்னும் கோணலாகப் போனது. ஒருவேளை அவள் போய்விட்டால் நான் வாரா வாரம் எப்படிப் போய்ப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள பஸ் நிலையத்துக்குப் போய் விசாரித்து, அந்த ஊர் பஸ் நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, "அவ்வளவு அவசரமா என்னை அனுப்புறதுக்கு?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், குக்கர் விசில் அடித்தது, அவள் உள்ளே போய்விட்டாள். பரண் மேல் இருந்த பெரிய பெட்டிக்குச் சக்கரம் ஒன்று கழன்று கிடந்தது. அவள் போவதானால் அந்த உடைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் தனியாக அல்லாடுவாளே என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்து சக்கரத்தை மாட்டி, எண்ணெய் விட்டு, கூடத்தில் இங்கும் அங்கும் உருட்டிப் பார்த்தேன். நிமிர்ந்தால் அவள் வாசலில் நிற்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர் தெரிந்தது. "நல்லா ஓடுதா?" என்று கேட்டாள். "நல்லா ஓடுது" என்றேன். வேறென்ன சொல்ல, அது நன்றாகத்தான் ஓடியது.

அது இன்று காலை நடந்தது. இப்போது மத்தியானம். அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள், நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். ஒரு தடவை அவள் பயிற்சிக்குப் போயிருந்தபோது பி பிரிவுக்கு வேறு ஒரு ஆசிரியர் வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு குரல். நான் பாடம் நடத்த ஆரம்பித்து, நடுவில் எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் நின்றுவிட்டேன். பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அவள் குரல் கேட்டுக்கொண்டே பாடம் நடத்திப் பழகிவிட்டேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மகளும் போய்விட்ட பிறகு இந்த வீட்டில் சத்தம் என்றால் அவள்தான். அவள் போய்விட்டால் நான் யாரிடம் போய் நகம்வெட்டி கேட்பேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் இருந்துவிடுவாள், எனக்காக இருந்துவிடுவாள், பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த ஹாலில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் குற்றவாளி. நீங்கள் சொன்னால் அண்ணன் சொன்னார் என்று போகும். உங்கள் தோள் அகலமானது, தாங்கும்.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டுப் பேசவும். ஊர் ரொம்பத் தூரம், தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, தனியாக இருந்தால் சரியாகச் சாப்பிட மாட்டாய், இப்படி எதையாவது சொல்லவும். என் பெயர் எங்கும் வரக் கூடாது. அக்காவுக்கு என் வணக்கம். அக்கா மாத்திரையை மறக்காமல் போட வேண்டும். உங்கள் பிள்ளைகள் எல்லோரும் நினைத்தபடி உயர்ந்து நல்லபடியாக வாழ வேண்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருங்கள், விட்டுவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மறவாத,
தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தயவுசெய்து போன் எதுவும் போட வேண்டாம். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு ஒட்டப்போகும்போதுதான் நீங்கள் புது வீட்டுக்கு மாறியதும், அந்த முகவரி என்னிடம் இல்லாததும் ஞாபகம் வந்தது. அது உங்கள் தங்கைக்குத்தான் தெரியும். துணிக் கூடையோடு மாடியிலிருந்து இறங்கினவளிடம், "உங்க அண்ணன் வீட்டுக் கதவு எண் என்ன?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா ஒரு கடிதம்." "எங்க அண்ணனுக்கு நீங்க சும்மா கடிதம் எழுதுவீங்களா? என்ன எழுதியிருக்கீங்க?" நான் நல்ல பொய் ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை. "உன்னைப் போக வேண்டாம்னு சொல்லச் சொல்லி எழுதியிருக்கேன்" என்றேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள். "யாரு சொல்லணும்?" "உங்க அண்ணன்." "போக வேண்டாம்னு நினைக்கிறது யாரு?" "நான்தான்." "அப்ப என்கிட்ட சொல்லுங்க" என்றாள். நின்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். "போகாதே" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுமாகத்தான் இருந்தது. "இத்தனை நாளா இந்த ஒரு வார்த்தைக்குத்தாங்க காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அப்படியானால் இருந்துவிடுகிறாயா என்று கேட்டேன். "யாரு இருக்கப் போறா? நான் இல்லாட்டியும் உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு எப்படிங்க நான் அங்க போய் உக்கார்றது? பஸ் நேரம் எழுதி வெச்சீங்க, பெட்டிக்குச் சக்கரம் மாட்டுனீங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்? இப்ப நிம்மதியா போவேன்" என்றாள். பஸ் நேரம் நான் வருவதற்கு என்று சொன்னேன். அந்தத் தாளை எடுத்துவரச் சொல்லி, சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பிறகு அலமாரியைத் திறந்து ஆணையை எடுத்தாள், என் பேனாவை வாங்கினாள், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னும் ஒரு தடவை" என்றாள். நான் மூன்றாவது தடவை போகாதே என்று சொல்லும்போது, வருகிறேன் என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.